சின்னசாமியா, சூரியநகரா: பெங்களூரு அணி எங்கே ஆட வேண்டும்?

“அண்ணா, நம் ஊர் ஐபிஎல் கிரிக்கெட் அணி இனியும் சின்னசாமி அரங்கிலேயே ஆடலாமா? இல்லை, ஆனேக்கல் பக்கம் சூரியநகரில் அரசு கட்டப்போவதாகச் சொல்லும் 80,000 இருக்கை அரங்கத்துக்குப் போய்விடுவதுதான் நல்லதா? 1,650 கோடி ரூபாயை ஒரு மைதானத்தில் போடுவது தகுமா?” என்று அல்சூர்த் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கட்டுமானத் துறையில் காலம் தள்ளியவன் என்ற முறையிலும், ஐம்பது ஆண்டுகளாக இந்த ஊர் மைதானங்களின் படிகளில் உட்கார்ந்து எழுந்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அணி சின்னசாமியிலேயே ஆடலாம். ஆனால் இப்போதிருக்கும் வாயில்களோடு அல்ல. சூரியநகர் அரங்கத்தைப் பொறுத்தவரை, ரயில் அங்கே போய்ச் சேருமுன் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்பது என் கருத்து. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஓர் அரங்கத்தின் தரத்தை நாம் உள்ளே இருக்கும் இருக்கைகளை எண்ணி மதிப்பிடுகிறோம். ஆபத்து காத்திருப்பதோ கதவுக்கும் தெருவுக்கும் நடுவில்.

2025 ஜூன் 3-ஆம் தேதி இரவு அகமதாபாதில் பெங்களூரு அணி தன் முதல் ஐபிஎல் கோப்பையை வென்றது. மறுநாள் மாலை சின்னசாமி அரங்கத்தில் பாராட்டு விழா என்ற செய்தி பரவியதும், ஏறத்தாழ 35,000 பேர் அமரக்கூடிய இடத்துக்கு இரண்டு, மூன்று இலட்சம் பேர் திரண்டுவிட்டார்கள் என்று முதலமைச்சரே பின்னர் கூறினார். 11 பேர் இறந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இங்கே நாம் நின்று கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கேலரி எதுவும் சரியவில்லை, கூரை விழவில்லை, தீப்பிடிக்கவும் இல்லை. உயிர்கள் போனது நுழைவாயில்களை ஒட்டி, வெளியே.

ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி குன்ஹா தலைமையிலான விசாரணை ஆணையம் ஜூலை மாதம் தந்த அறிக்கை, இந்த அரங்கத்தின் வடிவமும் கட்டமைப்பும் பெருந்திரள் நிகழ்ச்சிகளுக்கு இயல்பிலேயே பொருந்தாதவை, பாதுகாப்பற்றவை என்று கூறியது. அதோடு நில்லாமல், இத்தகைய நிகழ்ச்சிகளை நடத்தும் எந்த இடத்திலும் பொதுச் சாலையிலிருந்து விலகிய வரிசைப் பகுதிகள், போதிய வாயில்கள், பொதுப் போக்குவரத்தோடு நேரடித் தொடர்பு, அவசரத்தில் வெளியேறும் திட்டம் ஆகியவை இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அறிக்கையின் முதற்பாதியை மட்டும் எல்லோரும் கையில் எடுத்துக்கொண்டு “சின்னசாமியை மூடு” என்றார்கள். எனக்கோ இரண்டாம் பாதிதான் கனமாகத் தெரிகிறது. ஏனென்றால் அந்தப் பட்டியலைச் சின்னசாமிக்கு மட்டுமல்ல, இனிக் கட்டப்போகும் அரங்கத்துக்கும் நீட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆட்டமில்லாத ஒரு பகல் பொழுதில் குவீன்ஸ் ரோட்டிலிருந்து கப்பன் ரோடு வரை அரங்கத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். மதிற்சுவர், அதில் இரும்புக் கதவு, கதவைத் தாண்டிக் கால் வைத்தால் நடைபாதை, நடைபாதையின் விளிம்பில் பேருந்து. வருகிறவர்கள் நின்று மூச்சுவிட, சீட்டைத் தேடி எடுக்க, பிரிந்துபோன பிள்ளையைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ள ஒரு முற்றம் கிடையாது. கோயில் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். கோபுர வாசலைத் தாண்டியதும் கருவறை வந்துவிடுவதில்லை, நடுவே பிராகாரங்கள் இருக்கின்றன. 17 ஏக்கர் அரசு நிலத்தில், 1969 வாக்கில் இந்த அரங்கத்தைக் கட்டத் தொடங்கியபோது ஊர் வேறு. ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டத்துக்குச் சாப்பாட்டுக் கூடையோடு காலையில் நிதானமாக வந்து சேரும் கூட்டமும் வேறு. 1974 நவம்பரில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கே முதல் டெஸ்ட் ஆடியது. விவியன் ரிச்சர்ட்ஸும் கார்டன் கிரீனிட்ஜும் டெஸ்ட் வாழ்க்கையைத் தொடங்கிய ஆட்டம் அது. அன்றைய கூட்டம் சில மணி நேரம் எடுத்துக்கொண்டு சிறுகச் சிறுக உள்ளே போயிருக்கும். இன்று அலுவலகம் முடிந்து ஆறரை மணிக்கு மேல் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கதவை நோக்கி வருகிறார்கள்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். விளையாட்டரங்கப் பாதுகாப்புக்காகப் பிரிட்டனில் பின்பற்றப்படும் வழிகாட்டி நூல், ஒரு சுழல் கதவு வழியாக மணிக்கு 660 பேருக்கு மேல் போக முடியாது என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது. அப்படியானால் 35,000 பேரை ஒரு மணி நேரத்தில் உள்ளே விட 54 சுழல் கதவுகள் வேண்டும். அதுவும் ஒவ்வொன்றும் இடைவிடாமல் ஓடினால்தான். கையில் சீட்டில்லாதவர் ஒருவர் நடுவில் நின்று வாதாடினால் அந்த வரிசையே நின்றுபோகும். 1989-இல் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கத்தில் 97 பேரின் உயிரைப் பறித்த நெரிசலும் இப்படிப்பட்ட கணக்குப் பிசகிலிருந்துதான் தொடங்கியது. லெப்பிங்ஸ் லேன் பக்கம் நின்று பார்க்கும் 10,100 பேருக்கு ஒதுக்கப்பட்டவை வெறும் 7 சுழல் கதவுகள். மணிக்கு 4,620 பேர் என்றால் எல்லோரும் உள்ளே போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெளியே நெருக்கம் முற்றியதும் வெளியேறும் கதவொன்றைக் காவல்துறை திறந்துவிட, கூட்டம் ஏற்கெனவே நிறைந்திருந்த அடைப்புகளுக்குள் பாய்ந்தது. இதை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கை அடுத்த ஆண்டு வந்த பிறகு இங்கிலாந்தில் பல கழகங்கள் புதிய அரங்கங்களைத் தேடிப் போயின என்பது உண்மை. ஆனால் ஷெஃபீல்டு வென்ஸ்டே அணி ஹில்ஸ்பரோவை விட்டுப் போகவில்லை. அந்த அரங்கமே திருத்தியமைக்கப்பட்டது.

நம் நாட்டிலேயே இதற்கு நேர்மாறான முடிவு எடுக்கப்பட்ட ஊர் ஒன்று உண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகள் மோதிய ஆட்டத்தின்போது 16 ரசிகர்கள் இறந்தார்கள். நகரின் கிழக்கு ஓரத்தில், சால்ட் லேக்கில், ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்க்கக்கூடிய புதிய கால்பந்து அரங்கம் 1984-இல் திறக்கப்பட்டது. பெரிய ஆட்டங்கள் அங்கே போயின. ஆனால் அந்த அரங்கத்தின் பெயரைத் தாங்கிய மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டது 2020 பிப்ரவரியில். நடுவில் 36 ஆண்டுகள், ஆட்டம் முடிந்த இரவுகளில் பேருந்துக்கும் லாரிக்கும் காத்திருந்து வீடு திரும்பியது ஒரு தலைமுறை. கொல்கத்தாக்காரர்களின் கால்பந்துப் பித்து அதையும் தாங்கியது. மாநகரப் போக்குவரத்தை நாள்தோறும் சபித்துக்கொண்டே வாழும் பெங்களூரு ரசிகர் தாங்குவாரா என்பது எனக்கு ஐயம்.

சூரியநகருக்கு வருகிறேன். 2025 ஆகஸ்டில், ஆனேக்கல் வட்டத்தில் கர்நாடக வீட்டு வசதி வாரியத்தின் சூரியநகர் குடியிருப்பை ஒட்டி 100 ஏக்கரில், 80,000 பேர் அமரும் கிரிக்கெட் அரங்கத்தோடு கூடிய விளையாட்டு வளாகம் அமைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அதே மாதத்தில்தான் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ மஞ்சள் பாதையும் திறக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றாகப் படித்தவர்கள் “ரயில்தான் வந்துவிட்டதே” என்று மகிழ்ந்தார்கள். பாதை பொம்மசந்திராவில் முடிகிறது. வளாகத்துக்கு உரிய இடம் அதையும் தாண்டித் தெற்கே இருக்கிறது. எம்.ஜி. ரோட்டுக்கு இருக்கும் தூரத்தைவிட அங்கிருந்து ஓசூர் பக்கம். (ஓசூர் உறவினர் ஒருவர், “அப்படியானால் அது எங்கள் ஊர் அரங்கம்தான்” என்று இப்போதே உரிமை கொண்டாடத் தொடங்கிவிட்டார்.)

சரி, ரயில் அங்கே வரையிலும் நீட்டிக்கப்பட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 80,000 பேரில் பாதிப்பேர் ரயிலை நம்புகிறார்கள். ஆறு பெட்டி வண்டியில் நெருக்கியடித்து 2,000 பேர் ஏறினாலும் 40,000 பேருக்கு இருபது வண்டிகள் வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று விட்டாலும் கடைசி ஆள் ஏற நூறு நிமிடம். மஞ்சள் பாதை திறந்த நாளில் 25 நிமிடத்துக்கு ஒரு வண்டிதான் ஓடியது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மிச்சமுள்ள 40,000 பேர் ஓசூர் ரோட்டில் இறங்குவார்கள். இரவு பதினொன்றுக்கு மேல் அத்திப்பள்ளிப் பக்கமிருந்து லாரிகள் வரிசை கட்டி நகருக்குள் வரும் சாலை அது. எதிர்த் திசையில் சில்க் போர்டை நோக்கி அதே நேரத்தில் ஆயிரக்கணக்கான கார்களும் பைக்குகளும் ஊர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்தச் சாலையில் ஒருமுறை வெள்ளிக்கிழமை மாலை போனவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

ஒரு பெரும் கூட்டத்துக்குக் கலைந்துபோகப் பல வழிகள் வேண்டும். நகரின் நடுவில் இருக்கும் மைதானத்தின் மறைவான செல்வம் அதுதான். சின்னசாமியில் ஆட்டம் முடிந்ததும் கூட்டம் ஒரே திசையில் போவதில்லை. கப்பன் பார்க், எம்.ஜி. ரோடு என மெட்ரோவுக்கு இரண்டு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் இரு திசைகளில் வண்டி. ஆட்ட நாள்களில் திரும்பும் பயணத்துக்கான காகிதச் சீட்டை முன்கூட்டியே விற்று, கடைசி வண்டியையும் நள்ளிரவு தாண்டி ஓட்டியிருக்கிறார்கள். ஒரு பகுதி சிவாஜி நகர்ப் பேருந்து நிலையத்துக்கு நடக்கிறது. அல்சூர்க்காரர்களும் மர்ஃபி டவுன்காரர்களும் பேசிக்கொண்டே வீட்டுக்கே நடந்துவிடுகிறார்கள். கடைசி ஓவரைப் பற்றிய சண்டை முடியும்போது ஏரிக்கரை வந்திருக்கும். சர்ச் ஸ்ட்ரீட்டில் சாப்பிட உட்காருகிறவர்கள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் நிலையத்துக்கு வருவார்கள்; அவர்களும் தம்மை அறியாமல் கூட்டத்தைக் கலைத்துத் தருகிறார்கள். வயலுக்கு நடுவில் கட்டிய அரங்கத்தில் இந்த வசதி எதுவும் கிடையாது. எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே சாலைக்கு வந்தாக வேண்டும்.

இனிப் பணம். வளாகம் முழுவதற்குமான மதிப்பீடு 1,650 கோடி ரூபாய். வீட்டு வசதி வாரியமே அந்த முதலீட்டைச் செய்யும், அரசுக் கருவூலத்துக்குச் சுமையில்லை என்பது சொல்லப்பட்ட விளக்கம். வாரியத்தின் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. மனையும் வீடும் வாங்கியவர்கள் கட்டிய பணம் அது. எட்டு விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 132 கோடி. ஐபிஎல் லீக் சுற்றில் ஓர் அணி ஆடும் 14 ஆட்டங்களில் சொந்த மைதானத்தில் ஆடுவது 7. அதோடு ஓரிரு பன்னாட்டு ஆட்டங்கள், சில இசை நிகழ்ச்சிகள் என்று தாராளமாகச் சேர்த்து ஆண்டுக்குப் பன்னிரண்டு இரவுகள் அரங்கம் நிறைவதாகக் கொள்வோம். ஓர் இரவுக்கு வட்டி மட்டும் 11 கோடி. 80,000 இருக்கையும் விற்றாலும் இருக்கைக்கு 1,375 ரூபாய் வட்டிக்கே போகும். அசல், பராமரிப்பு, காவல், மின்சாரம் எல்லாம் அதற்கு மேல். வளாகத்தில் நீச்சல் குளமும் உள்ளரங்குகளும் விடுதிகளும் இருப்பதால் முழுச் சுமையையும் கிரிக்கெட்டின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடன் கட்ட வேண்டிய நாளில் நீச்சல் குளம் வட்டி கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. 1,32,000 பேர் அமரும் அகமதாபாத் அரங்கமே ஏறத்தாழ 800 கோடியில் முடிந்தது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அணி உரிமையாளர்களுக்கும் இந்தப் பெரிய அரங்கம் அவ்வளவு அவசரத் தேவையில்லை. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு விற்கப்பட்டது. அணிகளின் பெரும் வருமானம் அந்தப் பொதுப் பானையிலிருந்து வருகிறது. 35,000 இருக்கைகள் 80,000 ஆனால் மகிழ்ச்சிதான், ஆனால் அதற்காக அவர்கள் தம் சட்டைப்பையிலிருந்து கட்டடத்துக்குப் பணம் தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆண்டில் ஏழு இரவு வாடகைக்கு வருகிறவர் வீடு கட்டித் தருவாரா?

ஊருக்கு வெளியே போய்க் கட்டியவர்களின் அனுபவம் ஒரே மாதிரி இல்லை. புனே அருகே மகாராஷ்டிர கிரிக்கெட் சங்கம் விரைவுச்சாலை ஓரத்தில் கஹுஞ்சேயில் கட்டிய அழகிய அரங்கம், கடன் நிலுவையால் 2018-இல் வங்கிகளின் பிடிக்குள் போகும் நிலைக்கு வந்தது. நவி மும்பையின் டி.ஒய். பாட்டீல் அரங்கமோ புறநகர் ரயில் ஏற்கெனவே ஓடிய நகரத்தில் எழுந்தது. பெங்களூருக்கு ஒதுக்கப்பட்டிருந்த 2025 மகளிர் உலகக் கோப்பை ஆட்டங்களில் பல ஜூன் சம்பவத்துக்குப் பின் அங்கேதான் மாற்றப்பட்டன. நவம்பர் 2 இரவு இந்தியப் பெண்கள் கோப்பையைத் தூக்கியதும் அங்கேதான். நம் ஊரில் பார்த்திருக்க வேண்டிய காட்சிகளை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். வாயில்களைச் சீர்செய்யாமல் காலம் கடத்தினால் இழப்பு இப்படித்தான் வரும் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். சின்னசாமி அப்படியே இருக்கட்டும் என்று வாதாடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

சொந்த மைதானம் என்பது வெறும் உணர்ச்சி என்று தள்ளிவிடுகிறவர்கள் 2018-ஐ நினைத்துப் பார்க்கலாம். காவிரிப் போராட்டத்தின் சூட்டில், ஒரே ஓர் ஆட்டத்துக்குப் பின் சென்னை அணியின் மற்ற உள்ளூர் ஆட்டங்கள் சேப்பாக்கத்திலிருந்து புனேவுக்குப் போயின. ரசிகர்களைத் தனி ரயிலில் அங்கே அழைத்துப் போனார்கள். அணி அந்த ஆண்டு கோப்பையே வென்றது. ஆக, அணிக்கு எங்கும் ஆடத் தெரியும். திருவல்லிக்கேணியில் சுண்டல் விற்றவருக்கும், ஆட்ட நாளில் மட்டும் கூடுதலாக நாற்பது இட்லித் தட்டு ஓட்டிய மெஸ்காரருக்கும்தான் அந்த ஆண்டு ஐபிஎல் ஒரே இரவோடு முடிந்துபோனது.

அப்படியானால் சின்னசாமியில் என்ன செய்ய வேண்டும்? விற்கும் சீட்டுகளின் எண்ணிக்கையை வாயில்களின் கணக்கு முடிவு செய்ய வேண்டும். 35,000-க்கு வழியில்லை என்றால் 28,000 போதும். மதிற்சுவரைச் சில இடங்களில் உள்ளே தள்ளி, வளாகத்துக்குள்ளேயே வரிசை நிற்கும் முற்றம் உண்டாக்க வேண்டும். அதற்காகக் கார் நிறுத்தும் இடமும் கழகக் கட்டடத்தின் ஒரு பகுதியும் போனால் போகட்டும். ஆட்ட நாள்களில் குவீன்ஸ் ரோட்டின் ஒரு பகுதியை மாலை நான்கு மணியிலிருந்தே வண்டிகளுக்கு மூடி, நடப்பவர்களுக்குத் தர வேண்டும். சீட்டுச் சோதனை கதவில் நடக்கக் கூடாது. கதவுக்கு நூறு மீட்டர் முன்னால் நடக்க வேண்டும். இவையெல்லாம் சேர்ந்தாலும் 1,650 கோடியின் ஓரத்தைக்கூடத் தொடாது என்பது என் கணிப்பு. சீட்டில்லாத வெற்றி விழாவை எந்த அரங்கத்திலும் நடத்தக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இந்த விவாதத்தில் யாருமே பேசாத அணி ஒன்று இருக்கிறது. உண்மையிலேயே சொந்த வீடில்லாதது அதுதான். பெங்களூரு எஃப்சி 2013-இல் தொடங்கியபோது அசோக் நகர்க் கால்பந்து மைதானத்தில் ஆடியது; முதல் ஆண்டிலேயே ஐ-லீக் பட்டத்தை வென்றது. அந்த மைதானம் நம் பெரியவர்கள் சூளை ஏரி என்று சொன்ன இடம். பின்னர் அணி கண்டீரவா அரங்கத்துக்குப் போனது. அதுவும் சம்பங்கி ஏரியின் படுகைதான், எஞ்சியிருக்கும் சிறு குளத்துக்கு இன்றும் கரகம் வந்து போகிறது. கண்டீரவா தடகளத்துக்காகக் கட்டப்பட்டது. கோல் கம்பத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவில் ஓடுபாதை கிடக்கிறது. ஓட்டக்காரர்களோ கால்பந்து தங்கள் பயிற்சி நேரத்தைத் தின்கிறது என்று நீதிமன்றம் வரை போனார்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2025 ஜூலையில் நீரஜ் சோப்ரா தன் பெயரிலான ஈட்டி எறிதல் போட்டியை நடத்தியதும் அதே அரங்கத்தில்தான்.

கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கும் ஊர் இது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்த சாரங்கபாணி ராமனும், அதே அணியில் ஆடிய அகமது கானும் இந்த மண்ணின் கால்பந்து வளர்த்தவர்கள். ஆஸ்டின் டவுனின் நந்தன் மைதானத்தில் ஞாயிறு மாலை ஒரு சாதாரண லீக் ஆட்டத்துக்கு மதில்மேல் உட்கார இடம் பிடிக்கும் பையன்களைப் பார்த்தவர்களுக்கு, பொதுப் பணம் எங்கே போக வேண்டும் என்பதில் குழப்பம் வராது. 1,650 கோடியில் பத்தில் ஒரு பங்கை அசோக் நகரில் போட்டால், ஓடுபாதை இல்லாத, 15,000 பேர் அமரும், ஆண்டு முழுவதும் உள்ளூர் லீக்கும் பள்ளிப் போட்டிகளும் நடக்கும் ஒரு கால்பந்து அரங்கத்தை எழுப்பிவிடலாம் என்று நினைக்கிறேன். தடகளத்துக்குக் கண்டீரவா முழுசாகத் திரும்பக் கிடைக்கும். ரிச்மண்ட் டவுனிலிருந்தும் ஆஸ்டின் டவுனிலிருந்தும் நடந்தே வரலாம்.

நீங்கள் கேட்டது கிரிக்கெட்டைப் பற்றித்தான், தம்பி. ஆனால் வீட்டு வசதி வாரியத்தின் திட்ட அறிக்கை எப்போதாவது பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டால், இருக்கைகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு இரண்டு பக்கங்களை மட்டும் தேடிப் பாருங்கள். கடைசி மெட்ரோ நிலையத்திலிருந்து வாயில் வரை எத்தனை மீட்டர் என்பது ஒன்று. கதவுகள் எத்தனை என்பது மற்றொன்று. அந்த இரண்டும் இல்லாமல் கட்டடத்தின் வண்ணப் படம் மட்டும் இருந்தால், மனை வாங்கியவர்களின் சங்கத்தோடு சேர்ந்து முதல் ஆட்சேபக் கடிதத்தை நீங்களே எழுதலாம். கணக்கு வழக்கில் உதவி வேண்டுமானால் வீட்டுக்கு வாருங்கள்.